பன்னிரண்டு வயதுக்கு என்ன புஸ்தகம்?

நமக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நல்ல மனிதர், வங்கியில் உத்தியோகம். ஒரு நாள் மாலை அவர் நம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு தம்ளர் காப்பியைக் குடித்து முடிக்கும் வரையில் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு பெருமூச்சு விட்டார்.

"பையன் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டான். பாட புஸ்தகத்தைத் தவிர வேறு ஒரு புஸ்தகத்தையும் தொடமாட்டேன் என்கிறான். நாலு நல்ல நாவலாக நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

நமக்கு நெஞ்சு திடுக்கிட்டது. பையன் புஸ்தகத்தைத் தொடாமல் போனதற்குக் காரணம் யார் என்பது அவருக்குத் தெரியாது. நமக்கு நன்றாகத் தெரியும். காரணம் சாக்ஷாத் நாமேதான்!

விஷயம் இதுதான். அதற்கு ஒரு வருஷம் முன்பு, அந்தப் பிள்ளையின் பதினோராவது பிறந்த நாளுக்கு நாம் ஒரு பரிசு கொண்டு போனோம். சின்னப் பரிசு அல்ல. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள்! தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போய், பிள்ளையின் கையில் கொடுத்து, "வாரம் ஒரு தடவை வந்து எவ்வளவு படித்திருக்கிறாய் என்று கேட்பேன்" என்றும் சொல்லி வைத்தோம். சொன்னபடியே கேட்டோம். முதல் வாரம் பதினோரு பக்கம். இரண்டாம் வாரமும் அதே பதினோரு பக்கம். மூன்றாம் வாரம் தெருக் கோடியில் நம் தலையைக் கண்டதுமே பையன் பக்கத்துச் சந்தில் திரும்பி மறைந்துவிட்டான்.

அப்புறம் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த ஐந்து பாகங்களையும் கண்டோம். சமையல் அறையில், ஒன்றின்மேல் ஒன்றாக மிக ஒழுங்காக அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் ஏறி நின்றால் மேல்தட்டில் உள்ள முறுக்கு டின் கைக்கு எட்டும்!

புஸ்தகத்தின் பேரில் குற்றம் சொல்ல முடியுமா? 1950 முதல் 1954 வரை வாரா வாரம் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் காத்திருந்து படித்த கதை அல்லவா அது? பையன் பேரிலும் குற்றம் இல்லை. குற்றம் எல்லாம் கொடுத்தவருடையது. எந்த வயதில் எந்தப் புஸ்தகம் என்று யோசியாமல், நமக்குப் பிடித்ததை அவன் தலையில் ஏற்றினோம். போதாததற்குக் கதையைக் கணக்குப் பாடமாக்கி, வாரந்தோறும் பரீட்சையும் வைத்தோம்!

ஆகையால் நண்பர் கேட்ட கேள்விக்கு இந்தத் தடவை அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. பல நாள் யோசித்தோம். நம் வீட்டு அலமாரியில் உள்ள பழைய நண்பர்களை மறுபடியும் எடுத்துப் படித்தோம். யோசித்ததன் பலனை, அவரைப் போலவே கவலைப்படும் பெற்றோர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

இரண்டுங்கெட்டான் வயது

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நம் பாட்டிமார் 'இரண்டுங்கெட்டான்' என்பார்கள். நரி திராட்சைப் பழத்தைப் பார்த்த கதையைச் சொன்னால், "அது குழந்தைக் கதை" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். பெரியவர்கள் படிக்கும் குடும்ப நாவலைக் கொடுத்தால் இரண்டாம் அத்தியாயத்தில் தூங்கிவிடுவார்கள். படிக்கும் வழக்கம் நிலைப்பதும் இந்த வயதில்தான். நின்று போவதும் இந்த வயதில்தான். பதினான்காம் வயதில் பாடச் சுமையும் பரீட்சைப் பயமும் வந்துவிட்டால், அதற்குமுன் கதையின் ருசி அறியாத பிள்ளை பிறகு அதைத் தேடி வருவது அபூர்வம்.

இந்த வயதுப் பிள்ளைகளின் மனத்தில் நடப்பது என்ன? அதுவரையில் எல்லாவற்றையும் அப்பாவும் அம்மாவும் தீர்மானித்தார்கள். இனிமேல் சிலவற்றைத் தானே தீர்மானிக்க வேண்டி வரும். நண்பன் தப்புச் செய்தால் காட்டிக் கொடுப்பதா, மறைப்பதா? எல்லோரும் ஒருவனைக் கேலி செய்யும்போது தானும் சிரிப்பதா, சும்மா இருப்பதா? இத்தகைய கேள்விகளைப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்பதில்லை. கேட்டால் உபதேசம் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நல்ல நாவல் உபதேசம் செய்வதில்லை. தன்னைப் போன்ற ஒரு பிள்ளை, பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லாத ஒரு வேளையில், தானாக ஒரு முடிவுக்கு வருவதைக் காட்டுகிறது. ஆகவே, இந்த வயதுக்கு நாவல் பொறுக்கும்போது நாம் ஒரே ஒரு பரீக்ஷைதான் வைத்தோம். கதையில் வரும் பிள்ளை, எங்காவது ஓரிடத்தில், தனியே நின்று ஒரு தீர்மானம் செய்கிறதா? செய்தால் அந்தப் புஸ்தகம் தேறியது. அந்தத் தீர்மானம் சரியாக இருக்க வேண்டும் என்ற அவசியங்கூட இல்லை!

குல்லாயை எரித்த சுவாமிநாதன்

முதலில் நம் வீட்டுப் பிள்ளையிலிருந்து தொடங்குவோம். 1935-ல் வெளிவந்த, ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய 'சுவாமியும் நண்பர்களும்' என்ற நாவலைத்தான் சொல்கிறோம். நாராயண் 1906-ல் சென்னையில் பிறந்தவர். அவருடைய முதல் நாவல் இது. இங்கிலாந்தில் இதற்குப் பதிப்பாளர் கிடைக்க உதவியவர் பிரசித்த நாவலாசிரியர் கிரஹாம் கிரீன்.

கதாநாயகன் சுவாமிநாதன் முதல் பாரத்தில் படிக்கிறான். அதாவது இன்றைய ஆறாம் வகுப்பு. மால்குடி என்னும் கற்பனை ஊரில் அவனுக்குப் பள்ளிக்கூடம் என்றால் வேம்பு. திங்கட்கிழமை என்றால் விஷம். மாம்பழ விலையைப் பற்றி அப்பா ஒரு கணக்குப் போடச் சொல்கிறார். பையனுக்கோ கணக்கைப் போடுமுன் மாம்பழம் பழுத்ததா, காயா என்பது தெரிந்தாக வேண்டியிருக்கிறது! இந்த இடத்தைப் படித்துச் சிரிக்காத பிள்ளையை நாம் இதுவரை கண்டதில்லை.

ஆனால் இது வெறும் சிரிப்புக் கதை அல்ல. 1930-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஒரு தேசத் தலைவர் கைதானதைக் கண்டித்து ஆற்றங்கரையில் கூட்டம் நடக்கிறது. அந்நியத் துணிகளைத் தீயிலிடுகிறார்கள். சுவாமிநாதன் ஆவேசத்துடன் தன் தலைக் குல்லாயைக் கழற்றி நெருப்பில் எறிகிறான். மறுநாள் அப்பா சொல்லித்தான் தெரிகிறது, அந்தக் குல்லாய் அசல் கதர் என்று! தேசபக்தியை இவ்வளவு அன்பாகவும் இவ்வளவு உண்மையாகவும் பரிகாசம் செய்ய ஒரு தேசபக்தரால்தான் முடியும். அன்றே அவன் பள்ளிக்கூடத்து ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறான், பள்ளிக்கூடத்தையே இழக்கிறான். கடைசியில் உயிர் நண்பன் ராஜம் கோபத்துடன் ஊரை விட்டுப் போகும்போது ரெயில் நிலையத்தில் நடப்பதைப் படித்தால், பெரியவர்களுக்கும் தொண்டை அடைத்துக் கொள்ளும். ஆறாம் வகுப்புக்கு முதல் புஸ்தகம் இதுவே என்பது நம்முடைய அபிப்பிராயம்.

ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒரு பையன்

அடுத்தது 'புதையல் தீவு'. ஆங்கிலத்தில் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் எழுதியது. புஸ்தகமாக வந்த வருஷம் 1883. இது எழுதப்பட்ட விதமே ஒரு கதை. 1881-ல், ஸ்காட்லாந்தில் பிரேமார் என்ற மலையூரில் ஸ்டீவன்சன் குடும்பம் தங்கியிருந்தது. ஓயாத மழை, வெளியில் போக முடியவில்லை. பதின்மூன்று வயதான அவருடைய மனைவியின் மகனுக்குப் பொழுது போவதற்காக ஒரு தீவின் படம் வரைந்தார்கள். அந்தப் படத்திலிருந்து கதை பிறந்தது. ஸ்டீவன்சன் தினமும் ஓர் அத்தியாயம் எழுதி வீட்டாருக்கு வாசித்துக் காட்டினார். அவருடைய வயோதிகத் தகப்பனார் கலங்கரை விளக்கம் கட்டும் பெரிய எஞ்சினியர். அவருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. கொள்ளைக்காரக் கிழவனின் பெட்டியில் என்னென்ன சாமான்கள் இருக்க வேண்டும் என்று அவரே உட்கார்ந்து ஜாபிதா எழுதிக் கொடுத்தார்! பாட்டன், தகப்பன், பிள்ளை ஆக மூன்று தலைமுறையும் ஓர் அறையில் உட்கார்ந்து உண்டாக்கிய புஸ்தகம் இது. அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் மூன்று தலைமுறையும் சேர்ந்து படிக்கலாம்.

இதில் ஜிம் என்னும் பையன் கப்பலில் ஆப்பிள் பழம் எடுப்பதற்காக ஒரு பெரிய பீப்பாய்க்குள் இறங்குகிறான். வெளியே பேச்சுக் குரல் கேட்கிறது. யாரை அவன் நல்லவன் என்று நம்பினானோ, அந்த ஒற்றைக்கால் சமையற்காரன் சில்வர், எல்லோரையும் கொன்று கப்பலைப் பிடிக்கச் சதி செய்து கொண்டிருக்கிறான். இத்தனை பேர் உயிரும் பீப்பாய்க்குள் இருக்கும் ஒரு பையனின் கையில்! அதைவிட ஆச்சரியம், கதை முடியும் வரையில் அந்தச் சில்வரை முழுதும் வெறுக்கவும் முடிவதில்லை. இனிமையாய்ப் பேசுகிறவன் எல்லாம் நல்லவன் அல்ல. கெட்டவன் எல்லா நேரத்திலும் கெட்டவனாகவும் இருப்பதில்லை. இதை உபதேசமாகச் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்?

வங்காளம் தந்த இருவர்

சாகஸம் என்றால் வெள்ளைக்காரப் பையன்களுக்குத்தான் நேரும் என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அதற்கு மருந்து விபூதிபூஷண் பந்தோபாத்யாயர் வங்காளியில் எழுதிய 'சாந்தேர் பாஹார்', அதாவது 'சந்திர மலை'. புஸ்தகமாக வந்தது 1937-ல். சங்கர் என்னும் வங்காளக் கிராமத்து வாலிபன் சணல் ஆலை வேலையில் சிக்கிக் கொள்ளாமல், ஆப்பிரிக்காவுக்கு ரெயில் பாதை வேலைக்குப் போகிறான். சிங்கங்கள் உலாவும் ஒரு தனித்த ஸ்டேஷன். பிறகு அல்வாரெஸ் என்னும் போர்த்துகீசியக் கிழவனோடு வைரம் தேடும் பயணம். கடைசியில் துணையை இழந்து பாலைவனத்தில் தன்னந்தனியே உயிர்ப் போராட்டம். இத்தனையும் எழுதிய ஆசிரியர் ஆப்பிரிக்காவில் கால் வைத்ததே இல்லை! புஸ்தகங்களைப் படித்தே ஒரு கண்டத்தை மனத்தில் கண்டார். படிப்பதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா? இந்த நாவல் ஆங்கிலத்தில் கிடைக்கிறது.

இதே ஆசிரியர் 1929-ல் வெளியிட்டது 'பதேர் பாஞ்சாலி'. சத்யஜித் ராய் 1955-ல் அதைப் படமாக எடுத்து உலகப் புகழ் பெற்றார் என்பதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அதற்குப் பல வருஷங்களுக்கு முன், இந்த நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கிய பதிப்பு ஒன்றுக்குச் சித்திரம் போட்டவரும் ராய்தான் என்பது அநேகருக்குத் தெரியாது. குழந்தைகளுக்குப் படம் போடும்போதுதான் சினிமாவின் விதை அவர் மனத்தில் விழுந்தது.

ஏழைக் குடும்பத்தில் துர்க்கா என்ற அக்காள், அபு என்ற தம்பி. தோப்பில் பழம் பொறுக்குவதும், ரெயிலைப் பார்க்க வேண்டும் என்று ஏங்குவதுமே அவர்கள் உலகம். படத்தைப் பார்த்தவர்கள் இருவரும் ஓடிப் போய் ரெயில் பார்ப்பதை மறக்க மாட்டார்கள். நாவலிலோ துர்க்காவுக்கு அந்தப் பாக்கியம் கிடைப்பதே இல்லை. அவள் இறந்த பின்பு, அவள் திருடவில்லை என்று சாதித்த ஒரு பொருள் தம்பியின் கையில் அகப்படுகிறது. அம்மாவிடம் சொல்லலாம், யாரிடமும் சொல்லாமலும் இருக்கலாம். அபு ஒன்றும் பேசாமல் அதை வீசி எறிந்து விடுகிறான். செத்துப் போன அக்காளின் மானத்தைக் காப்பாற்ற ஒரு சிறு பிள்ளை செய்த தீர்மானம்!

துக்கக் கதையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். கொடுக்கலாம், ஆனால் தனியே படிக்க விட்டுவிட வேண்டாம். துர்க்காவின் அத்தியாயம் வரும் இரவில் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அழுதால் அழட்டும். கதைக்காக அழத் தெரிந்த பிள்ளை, பிறகு மனிதர்களுக்காகவும் அழும்.

பிள்ளை வேண்டிய இடத்துக்குப் பெண் வந்தாள்

பெண் குழந்தைகளுக்கு என்ன கொடுப்பது என்று தனியாகக் கேட்பவர்கள் உண்டு. மேலே சொன்ன எல்லாவற்றையும் கொடுங்கள் என்பதே நம் பதில். அதே மாதிரி, இப்போது சொல்லப் போகும் புஸ்தகத்தை ஆண் பிள்ளைகளுக்கும் அவசியம் கொடுங்கள்.

அது கானடா தேசத்து ஆசிரியை எல். எம். மான்ட்கோமரி 1908-ல் வெளியிட்ட 'ஆன்' என்னும் பெண்ணின் கதை. பச்சைக் கூரை வீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும் வசிக்கிறார்கள். இருவரும் மணமாகாதவர்கள், வயதும் ஆகிவிட்டது. பண்ணை வேலைக்கு உதவியாக அநாதை ஆசிரமத்திலிருந்து ஓர் ஆண் பிள்ளையை அனுப்பச் சொல்லி எழுதுகிறார்கள். வந்து சேர்வதோ சிவப்புத் தலைமயிரும் ஓயாத பேச்சும் உள்ள பதினோரு வயதுப் பெண்! திருப்பி அனுப்புவதா, வைத்துக் கொள்வதா? 'ஆண் பிள்ளை பிறக்கும் என்று பார்த்தோம்' என்ற பேச்சு இன்னும் ஓயாத நம் நாட்டில், இந்தக் கேள்வி எத்தனை வீடுகளில் எதிரொலிக்கும்! வேண்டாத விருந்தாளியாக வந்தவள் வீட்டுக்கு உயிராக ஆவதும், மேற்படிப்புக்குக் கிடைத்த உதவித் தொகையைக் கைவிட்டு ஒரு கிழவியின் பக்கத்தில் நிற்பது என்று அவளே தீர்மானிப்பதும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கும்.

எட்டாம் வகுப்புக்கு இன்னும் ஒன்று, மார்க் ட்வெயின் எழுதிய 'ஹக்கிள்பெரி ஃபின்'. 1876-ல் அவர் எழுதிய 'டாம் சாயர்' சிரிப்புக்கும் குறும்புக்கும் ஏற்றது. அதை ஏழாம் வகுப்பிலேயே படித்து விடலாம். 1884-ல் வந்த ஹக்கின் கதை கனமானது. அமெரிக்காவில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கிய காலம். தப்பி ஓடும் ஜிம் என்னும் நீக்ரோ அடிமையோடு ஹக் தெப்பத்தில் போகிறான். அடிமையைக் காட்டிக் கொடுப்பதுதான் தர்மம், மறைப்பது பாவம் என்று ஊரும் கோயிலும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. காட்டிக் கொடுத்து ஒரு கடிதமும் எழுதிவிடுகிறான். பிறகு நண்பனின் முகம் நினைவுக்கு வருகிறது. நரகத்துக்குப் போனாலும் போகட்டும் என்று கடிதத்தைக் கிழித்தெறிகிறான்! அக்காலத்து இழிசொற்கள் இந்த நூலில் ஏராளமாக வருகின்றன. ஆகையால் பெற்றோர் முதலில் படித்து, அந்தச் சொற்கள் ஏன் இழிவானவை என்று சொல்லிய பிறகே கொடுக்க வேண்டும். ஜாதியின் பெயரால் ஊரும் வழக்கமும் சேர்ந்து செய்த அநீதிகளை அறிந்த நாம், இதை அந்நிய தேசத்துக் கதை என்று ஒதுக்க முடியுமா?

நம் தமிழில் என்ன உண்டு?

சரித்திரக் கதையில் தொடங்க வேண்டுமானால் 'பார்த்திபன் கனவு' இருக்கிறது. நாம் செய்த தப்பை நீங்கள் செய்யாமல், ஐந்து பாகக் கடலில் தள்ளுமுன் இந்த ஆற்றில் நீந்தப் பழக்குங்கள். கல்கி அவர்கள் 1941 முதல் 1943 வரை தொடர்கதையாக எழுதியது. சோழ நாடு பல்லவருக்குக் கப்பம் கட்டும் சிற்றரசாக இருந்த காலம். பார்த்திப மகாராஜா தம் சுதந்திரக் கனவைச் சித்திரங்களாக எழுதி மறைத்து வைத்திருக்கிறார். போருக்குப் போகுமுன் சிறு பிள்ளையான விக்கிரமனுக்கு அவற்றைக் காட்டுகிறார். வளர்ந்த விக்கிரமன் சக்கரவர்த்தியின் முன் நிற்கும்போது, சுதந்திர ஆசையை விட்டால் மன்னிப்பு, விடாவிட்டால் தேசப்பிரஷ்டம். அவன் எதைத் தேர்ந்தெடுத்தான் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? இந்தக் கதையில் ஒரு சிவனடியார் வருகிறார். அவர் யார் என்பதை, தெரிந்தவர்கள் தயவு செய்து பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அது பெரிய பாவம்!

இக்காலத்து ஆசிரியர்களும் சும்மா இருக்கவில்லை. இரா. நடராசனின் 'ஆயிஷா' ஒரே அமர்வில் படித்துவிடக் கூடிய சிறு நூல். கேள்வி கேட்பதையே குற்றமாக நினைக்கும் வகுப்பறையில், கேள்வி கேட்காமல் இருக்க முடியாத ஒரு பெண்ணின் கதை. இதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதோடு, உபாத்தியாயர்களாக இருக்கும் நேயர்கள் தாங்களும் படிக்க வேண்டும். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' என்ற நூலுக்கு 2020-ஆம் வருஷத்திய சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்காரம் கிடைத்தது. தகாத முறையில் தொடுகிறவர்களைப் பற்றி வாய் திறந்து சொல்லும் தைரியத்தைக் குழந்தைகளுக்கு ஒரு மரப்பாச்சிப் பொம்மை கொடுக்கிறது. வீட்டில் பேசக் கூசும் விஷயத்தை ஒரு புஸ்தகம் பேசிவிடுகிறது. அதே பரிசை 2023-ல் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியின் பழமையைப் பிள்ளைகளின் கண்முன் கொண்டு வருகிறது.

காதுக்குத் தெரிந்த தமிழ்

இங்கே ஒரு கஷ்டத்தையும் ஒப்புக் கொள்ள வேண்டும். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பலர் தமிழ் நாவலைக் கையில் எடுத்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். ஒரு பக்கம் முடிவதற்குள் கதை ஓடிப் போய்விடுகிறது. உடனே நாம், "இவர்களுக்குத் தமிழ் வராது" என்று தீர்ப்புச் சொல்லி விடுகிறோம். உண்மை அதுவல்ல. அவர்கள் காதுக்குத் தமிழ் நன்றாக வரும், கண்ணுக்குத்தான் பழக்கமில்லை. ஆகவே காதின் வழியாகவே தொடங்க வேண்டும்.

இரவு சாப்பாடு ஆன பிறகு, பத்துப் பக்கம் பெரியவர் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். அதற்கு மேல் படிக்கக் கூடாது. நல்ல கட்டத்தில், கத்தி ஓங்கிய இடத்தில், "மற்றவை நாளைக்கு" என்று மூடிவிட வேண்டும். தொடர்கதை எழுதுகிறவர்கள் காலங்காலமாகச் செய்து வரும் மோசடி இது, இதுவரை தோற்றதில்லை! நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பிள்ளை உங்களுக்குத் தெரியாமல் பதினோராம் பக்கத்தைத் தானே படித்திருக்கும். கண்டும் காணாதவர்போல் இருந்து விடுங்கள்.

மிகவும் சுருக்கிய பதிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலம் எட்டாத பிள்ளைக்குத் தமிழ்ச் சுருக்கம் ஒரு வாசற்படி. வாசற்படியில் ஏறுவது நல்லது. அங்கேயே படுத்துக் கொள்வது நல்லதல்ல. முந்நூறு பக்கக் கதையை முப்பது பக்கமாக்கினால், யார் யாரைக் கொன்றார்கள் என்பதுதான் மிஞ்சும். மாம்பழம் பழுத்ததா என்ற கேள்வி போய்விடும்.

அடுத்தபடி, "கதையிலிருந்து என்ன நீதி தெரிந்து கொண்டாய்?" என்று கேட்கவே கேட்காதீர்கள். பாயசம் சாப்பிட்ட குழந்தையை, "இதில் எத்தனை முந்திரி?" என்று கேட்பது போன்றது அது.

"இத்தனை புஸ்தகமும் வாங்கப் பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. 1948-லேயே சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டு வந்தது. சுதந்திர இந்தியாவில் முதலாவது நூலகச் சட்டம் அதுதான். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் கட்டி வருகிறோம். வரி கட்டிவிட்டு நூலகத்துக்குப் போகாமல் இருப்பது, சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு இலையில் உட்காராமல் எழுந்து போவதற்குச் சமானம். பிள்ளையின் பெயரில் உறுப்பினர் சீட்டு எடுத்து, அவன் கையிலேயே கொடுங்கள். நூலகத்தில் எந்தப் புஸ்தகத்தை எடுப்பது என்பதும் அவன் தனியே செய்யும் ஒரு தீர்மானம் அல்லவா?

பாட்டியின் பைண்டு புஸ்தகம்

நண்பரின் பிள்ளை என்ன ஆனான் என்று கேட்க மாட்டீர்களா? சொல்லுகிறோம்.

'சுவாமியும் நண்பர்களும்' புஸ்தகத்தை நாம் அவனுக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தால் சந்தில் திரும்பி விடுவான் என்று அனுபவத்தில் கண்டிருக்கிறோமே! நண்பரின் வீட்டு ஊஞ்சல் பலகையில் மறதியாக வைத்தவர்போல் வைத்துவிட்டு வந்தோம். பத்து நாள் வரையில் யாதொரு தகவலும் இல்லை. பதினோராம் நாள் காலை நம் வீட்டு வாசலில் சைக்கிள் மணி அடித்தது. பையன் உள்ளே வரக்கூட இல்லை. கீழே ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "மாமா, கடைசியிலே ராஜத்துக்குக் கோபம் தீர்ந்துதா, இல்லையா?" என்று கேட்டான்.

பதில் நமக்கும் தெரியாது, ஆசிரியர் சொல்லவில்லை. "நீ என்ன நினைக்கிறாய்?" என்றோம். பையன் வெகு நேரம் யோசித்தான். அவனுக்கும் அவன் சிநேகிதன் ஒருவனுக்கும் மூன்று வாரமாகப் பேச்சு இல்லை என்று அவன் தாயார் பிறகு சொல்லித் தெரிந்தது. அன்று மாலை இருவரும் சேர்ந்து கிரிக்கெட் ஆடப் போனதையும் அவரே சொன்னார். புஸ்தகத்தினால்தான் என்று நாம் பெருமை அடித்துக்கொள்ளப் போவதில்லை. சொல்லியதோடு சரி.

அதற்குப் பிறகு அவன் பாட்டி பெட்டியைத் திறந்தார். அவருடைய தாயார் வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்த 'பார்த்திபன் கனவு' வெளியே வந்தது. பழுப்பேறிய தாள்; ஓரமெல்லாம் பொடியாக உதிர்கிறது. இரவு பத்துப் பக்கம் பாட்டி படிக்கிறார். கண்ணாடி மங்கும்போது பேரன் படிக்கிறான். முதலில் எழுத்துக் கூட்டினான், இப்போது கூட்டுவதில்லை. கைப்பேசியைத் தடவிக் கொண்டிருந்த நண்பரும் மூன்றாம் நாளிலிருந்து அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்கிறாராம்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். சமையல் அறையை எட்டிப் பார்த்தோம். 'பொன்னியின் செல்வன்' அடுக்கில் நாலு பாகங்களே இருந்தன. முதல் பாகத்தைக் காணோம்.

"முறுக்கு டின் எட்டுகிறதா?" என்று கேட்டோம்.

"ஒரு புஸ்தகம் குறையறது, மாமா, நுனிக்காலில் நிற்க வேண்டியிருக்கு" என்றான் பையன்.

எத்தனை பக்கம் படித்திருக்கிறான் என்று நாம் கேட்கவில்லை.